உடம்பு மறந்துடும், மண் மறக்காது: கொடைக்கானல் பாதரசம் நமக்குச் சொல்றது என்ன?

1/
எடமலைப்பட்டி புதூர் பக்கம் மனை வாங்குறவங்க, வீடு கட்டுறவங்க ஒரு டாக்டர்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "இந்த இடத்துல முன்னாடி ஏதோ பட்டறை இருந்துச்சாம் டாக்டர். போர் தண்ணி குடிக்கலாமா? குடும்பத்துக்கே ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சிடும்ல?"

நியாயமான பயம். ஆனா பிளட் டெஸ்ட் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்ங்கிற நம்பிக்கையிலதான் சிக்கல் இருக்கு. அது ஏன்னு புரிய, நம்ம ஊர்லேர்ந்து மலையேறி கொடைக்கானல் வரைக்கும் போகணும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
வருடம் 1983. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை அங்கிருந்து பெயர்க்கப்பட்டு கொடைக்கானலுக்கு வந்தது. கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். 1987 வாக்கில் பாண்ட்ஸின் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்க, தொழிற்சாலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இன்றைக்கு அதன் பெயர் இந்துஸ்தான் யூனிலீவர்.

இங்கே செய்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. பாதரசம் இங்கே வந்தது, காய்ச்சல் பார்க்கும் கருவி அங்கே போனது. உடைந்த கண்ணாடியும் கழிவும் மலையிலேயே தங்கின.

3/
பாதரசம் உடம்புக்குள்ளே எப்படிப் போகுதுன்னு முதல்ல பார்ப்போம்.

குழந்தை தெர்மாமீட்டரைக் கடிச்சு உடைச்சிட்டான்னு பதறிக்கிட்டு வர்ற பெற்றோர்கிட்ட டாக்டர்கள் சொல்றது: விழுங்கின அந்த வெள்ளி உருண்டை குடலில் கிட்டத்தட்ட உறிஞ்சப்படுறதே இல்லை. மலத்தோட வெளியே போயிடும். வாயில கண்ணாடி குத்தியிருக்கான்னு பார்க்கிறதுதான் முதல் வேலை.

அதே உருண்டை அறையின் மூலையில் கிடந்து ஆவியாகி, அந்த ஆவியை நாம சுவாசிச்சா கதையே வேற. மூச்சில் போகும் பாதரச ஆவியில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியா ரத்தத்துக்குள் போயிடும்.

4/
அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது, இருமல் வராது. அறை வெப்பத்திலேயே ஆவியாகும். ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் நுழையும்.

நாள்பட்ட பாதிப்புக்கு மருத்துவப் புத்தகங்களில் மூன்று அடையாளங்கள் உண்டு. கை நடுக்கம். ஈறு வீங்கிப் புண்ணாவது. மூன்றாவது மனநிலை மாற்றம்: கூச்சம், எரிச்சல், மறதி, தூக்கமின்மை. சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இதில் தனித்தனியா எதை எடுத்தாலும் பாதரசத்துக்கு மட்டுமே உரிய நோய்னு சொல்ல முடியாது. கை நடுக்கத்துக்கும் மறதிக்கும் ஆயிரம் காரணம் உண்டு. இதை மனசுல வச்சுக்கங்க.

5/
2001 மார்ச். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடை. அங்கே பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டு வந்தார்கள். எடை 7.4 டன்.

தொழிற்சாலைக்குள் இருக்க வேண்டிய விஷக்கழிவு, பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் இருக்கிற ஊருக்குள் கிடந்தது. அந்த மாதமே உற்பத்தி நின்றது. பிறகு தொழிற்சாலை திறக்கவே இல்லை.

6/
2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே மறுசுழற்சிக்குத் திரும்பிப் போனது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் குப்பை போனது அபூர்வம். உலகமே அதைச் செய்தியாக்கியது.

ஆனால் கப்பலில் ஏற்ற முடியாத இரண்டு விஷயங்கள் மிஞ்சின.

ஒன்று, தொழிற்சாலை வளாகத்து மண். அது ஒரு மலைச்சரிவின் விளிம்பு. கீழே பாம்பார் சோலைக் காடு.

இன்னொன்று, 18 வருடம் உள்ளே வேலை பார்த்தவர்களின் உடம்பு.

7/
வேலை பார்த்தவர்கள் சொன்னது: தலைவலி, நடுக்கம், சிறுநீரகக் கோளாறு, கருச்சிதைவு, சக தொழிலாளர்களின் இளவயது மரணம். தகுந்த பாதுகாப்புக் கவசம் இல்லாமல் பாதரசத்தைக் கையாண்டதாகவும் சொன்னார்கள்.

நிறுவனம் சொன்னது: தொழிலாளர்களை முறையாகப் பரிசோதித்து வந்தோம், தொழிற்சாலை வேலையால் யாருக்கும் உடல்நலம் கெடவில்லை.

சரி, யார் சொல்றது உண்மைன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

8/
2007-ல் நீதிமன்ற உத்தரவின்படி நிபுணர் குழு அமைந்தது. தேசிய அளவிலான மருத்துவ, நச்சியல் நிறுவனங்களின் நிபுணர்கள் அதில் இருந்தார்கள். தொழிலாளர்களின் இப்போதைய உடல்நிலையை முன்பு தொழிற்சாலையில் பட்ட பாதரசத்தோடு இணைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வறிக்கை அதே நீதிமன்றத்துக்கு வந்தது. தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்கூட பாதரசத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது.

ஒரே தொழிற்சாலை, ஒரே மனிதர்கள். நான்கு வருட இடைவெளியில் இரண்டு முடிவு. பொதுஜனம் குழம்பிப் போறது இயற்கைதானே?

9/
இந்த இடத்துல ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எந்தக் குழுவையும் குறை சொல்ல இல்லை. இந்த மாதிரி ஆய்வே எவ்வளவு கஷ்டம்னு புரியறதுக்காக.

மூச்சில் போன பாதரசத்தின் பெரும்பகுதி சிறுநீர், மலம் வழியா மெதுவா வெளியேறும். சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உடம்பில் இருக்கும் அளவு பாதியாகும்னு வச்சுக்கலாம்.

இரண்டு மாதத்தில் பாதி. நான்கு மாதத்தில் கால். ஒரு வருடத்தில் 64-ல் ஒரு பங்கு. இரண்டு வருடத்தில் 4,096-ல் ஒரு பங்கு.

தொழிற்சாலை நின்றது 2001-ல். குழு வந்தது 2007-ல்.

10/
ஆறு வருடம் கழித்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் இயல்பு அளவில்தான் இருக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கும் அப்படித்தான். பாதிக்கப்படாதவருக்கும் அப்படித்தான். இரண்டு பேரையும் அந்த டெஸ்ட் பிரித்துக் காட்டாது.

மூளையில் தங்கிய கொஞ்சம் பாதரசம் வருடக்கணக்கில் இருக்கலாம். ஆனா உயிரோடு இருக்கிறவரின் மூளையை வெட்டி அளக்க முடியாதே.

தீ அணைஞ்சு ஆறு வருஷம் கழிச்சுப் போய், "புகை வரலையே, அப்போ தீயே பிடிக்கலை"ன்னு சொல்றது மாதிரிதான் அது. சுவரில் கரி இருக்கான்னு பார்க்கணும். அதைவிட முக்கியம், எரிஞ்சுக்கிட்டிருந்தப்போ யாராவது பார்த்து எழுதி வச்சாங்களான்னு தேடணும்.

11/
அதனால "ஆதாரம் போதவில்லை" என்ற வரியை எப்பவும் ஒரு துணைக்கேள்வியோட படிங்க: எப்போ தேடினாங்க? எதுல தேடினாங்க?

வேலை நடக்கும்போதே மாதாமாதம் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை, பட்டறைக்குள் காற்றின் பாதரச அளவு, யார் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை பார்த்தார்கள் என்ற பதிவேடு. உண்மையான சாட்சி இவைதான். இந்தப் பதிவேடுகள் பொதுவாக நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும். நோய் தொழிலாளி வீட்டில் இருக்கும்.

12/
ஜப்பானில் இதே பிரச்சினைக்கு ஒரு விசித்திரமான விடை கிடைத்தது. மினமாட்டா என்ற கடலோர ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீனுக்குள் போனது, மீன் வழியா மனிதருக்குள் போனது. 1956 மே மாதம் நோய் முதன்முதலாக அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்தத் தகவலைத் தெரிவித்தவர் அதே ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹோசோகாவா.

ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். 12 வருடம்!

13/
தாய் வயிற்றிலேயே குழந்தைகள் பாதிக்கப்பட்டார்களா? பிறந்து பல வருடம் ஆன பிள்ளைகளின் ரத்தத்தில் இதைத் தேட முடியாது. அங்கே மருத்துவர் மசாசுமி ஹராடா ஒன்றைக் கவனித்தார். குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வது ஜப்பானியக் குடும்ப வழக்கம்.

அந்தத் தொப்புள்கொடிகளைச் சேகரித்து ஆய்வு செய்தார்கள். எந்த வருடம் பிறந்த குழந்தையின் கொடியில் எவ்வளவு மெத்தில் பாதரசம் என்று பார்த்தார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய வருடங்களில் அளவும் ஏறியிருந்தது, இறங்கியபோது இறங்கியிருந்தது.

14/
நம்ம வீடுகளிலும் தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தைக்குக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. பாட்டிகளுக்குத் தெரியும். தாயத்து விஷத்தைத் தடுக்காது. ஆனா மினமாட்டாவில் அப்படிச் சேமித்த ஒரு சின்னத் துண்டுதான், எந்த ரத்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாததைச் சொன்னது.

பிற்பாடு என்ன தேவைப்படும்னு தெரியாமலே எடுத்து வைத்த ஒன்று, பல வருடம் கழித்து சாட்சி சொன்னது. இந்த இழையில ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும்னா, இது நிற்கட்டும்.

15/
கொடைக்கானலிலும் இப்படி ஒரு சாட்சி இருந்தது. மரத்தில் ஒட்டி வளரும் பாசியும் மரக்காளானை ஒத்த லைக்கனும். இவற்றுக்கு மண்ணில் வேர் கிடையாது. காற்றிலிருந்து வருவதைத்தான் பிடித்து வைக்கும்.

அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் அவற்றைப் பரிசோதித்தார்கள். ஏரி நீர், அடிச்சேறு, மீன் எல்லாம் பார்த்தார்கள். அவர்களின் ஆய்வு, தொழிற்சாலையின் பாதரசம் காற்று வழியா வெளியே பரவியதையும் கொடைக்கானல் ஏரியில் அது இருப்பதையும் காட்டியது. மனித உடம்பு வெளியேற்றிவிட்டதைப் பாசியும் சேறும் பிடித்து வைத்திருந்தன.

16/
சரி, ஒரு இடம் கெட்டுப்போயிருக்கு. அங்கே வாழ்றவங்களுக்கு எவ்வளவு ஆபத்துன்னு எப்படிக் கணக்கிடுவது? இதுக்கு ஒரு முறை இருக்கு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1983-ல் வெளியிட்ட சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம்தான் அடிப்படை. கொடைக்கானல் ஆலை வந்த அதே வருடம்.

அதில் நான்கு படிகள். எளிமையா சொன்னா:

என்ன பொருள் இருக்கு, அது என்ன கெடுதல் செய்யும்?
எவ்வளவு உள்ளே போனா எவ்வளவு கெடுதல்?
யாருக்கு, எந்த வழியா, எத்தனை நாளா, எவ்வளவு போகுது?
இது மூன்றையும் சேர்த்தா, இந்த ஊருக்கு மொத்த ஆபத்து என்ன?

17/
மூன்றாவது கேள்விதான் உயிர். விஷம் ஒரு இடத்தில் இருப்பது வேறு, அது உங்களை வந்து சேர்வது வேறு. நடுவில் ஒரு பாதை வேண்டும்: மூச்சு, தண்ணீர், சாப்பாடு, தோல், குழந்தைகளுக்கு மண்ணில் விளையாடி வாயில் வைக்கும் கை.

பாதை இல்லையென்றால் ஆபத்து குறைவு. பாதை இருந்தால், சின்ன அளவும் பெரிய ஆபத்தாகலாம். அந்தப் பாதையை ஆபீஸில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு.

18/
அமெரிக்காவில் நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கேனால். பாதியில் நின்றுபோன ஒரு பழைய கால்வாய். 1942-லிருந்து சுமார் பத்து வருடம் ஹூக்கர் என்ற ரசாயன நிறுவனம் அதில் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்தது. 1953-ல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கு விற்றது. மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன.

1970-களின் கடைசியில் வீட்டு அடித்தளங்களில் ரசாயனம் கசிந்தது. 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். கால்வாயை ஒட்டியிருந்த வீடுகள் காலியாயின. தள்ளி இருந்தவர்களுக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

19/
லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்து வரைபடத்தில் குறித்தார். கால்வாயைச் சுற்றி வட்டம் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொன்ன, மண்போட்டு மூடப்பட்ட பழைய ஓடைகளை அதே வரைபடத்தில் வரைந்ததும் நோய்கள் அந்த ஓடைத் தடத்தில் வரிசையாக நின்றன.

பெவர்லி பேகன் என்ற உயிரியல் விஞ்ஞானி அவருக்குத் துணை நின்றார். அதிகாரிகள் முதலில் இதை இல்லத்தரசிகளின் கணக்கு என்று ஒதுக்கினார்கள். பிறகு 1979 பிப்ரவரியில், தள்ளியிருந்த தெருக்களிலிருந்தும் கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்று சுகாதாரத் துறையே சொன்னது. 1980-ல் கெட்டுப்போன நிலங்களைச் சுத்தம் செய்ய அங்கே தனிச் சட்டம் வந்தது.

20/
திருச்சிக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். நம்ம ஊர் வாய்க்காலும் குளமும் நிறைந்த ஊர். உய்யக்கொண்டான் ஒரு பக்கம், கோரையாறு ஒரு பக்கம். மனை போட்டு மூடின கிளை வாய்க்கால் எங்கே ஓடுச்சுன்னு பட்டாவில் தெரியாம போகலாம். மழை பெய்தா தண்ணிக்குத் தெரியும். தெருவில் இருக்கிற தாத்தா பாட்டிக்கும் தெரியும்.

கசிவு நேர்கோட்டில் வராது. பழைய தண்ணீர்த் தடத்தில்தான் வரும்.

21/
இப்போ கொடைக்கானல் மண்ணுக்கு வருவோம். எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற இலக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. சோலைக்காட்டுக்கு மேலே இருக்கும் இடத்துக்கு இது மிகத் தளர்வான அளவு என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். கடுமையாகத் தோண்டினால் மரங்களும் மண்ணும் சரிந்து அதுவே கேடாகும் என்பது மறுதரப்பு வாதம்.

இதில் எந்த எண் சரி? அதற்கு முன்னால், இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கணும்.

22/
பிரிட்டன் 2009-ல் குடியிருப்பு மண்ணுக்கு வழிகாட்டு அளவு வெளியிட்டது. ஒரே பாதரசத்துக்கு மூன்று எண்கள். ஒரு கிலோ மண்ணில்:

தனிமமாக, அதாவது தெர்மாமீட்டரில் இருக்கும் வடிவத்தில்: 1 மில்லிகிராம்.
மெத்தில் பாதரசம்: 11 மில்லிகிராம்.
மற்ற கனிம உப்புகள்: 170 மில்லிகிராம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? தனிமப் பாதரசம் ஆவியாகி வீட்டுக்குள் வந்து மூச்சில் போகும். உப்பு மண்ணிலேயே கிடக்கும். பாதை வேறு, எண் வேறு.

ஆக, "பாதுகாப்பான அளவு" என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்க. எந்த வடிவத்துக்கு? எந்தப் பாதைக்கு? அங்கே யார் வாழ்வதா நினைச்சுப் போட்ட கணக்கு? தவழுற குழந்தைக்கு ஒரு எண் வரும், வாரம் ஒரு முறை வந்து போகும் காவலாளிக்கு இன்னொரு எண் வரும்.

23/
இதே பாடத்தின் இன்னொரு பக்கம் ராணிப்பேட்டை. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகள் செய்த ஆலை. விட்டுச் சென்றது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மேடு.

குரோமியத்திலும் வடிவம்தான் எல்லாம். மூன்று இணைதிறன் கொண்டது ஒப்பீட்டளவில் சாது. ஆறு இணைதிறன் கொண்டது தோலில் ஆறாத புண் போடும், மூக்கு நடுத்தண்டை ஓட்டையாக்கும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் தரும். அந்த மேட்டில் இருப்பதும் நிலத்தடி நீரில் கசிவதும் இந்த இரண்டாவது வகை.

24/
தோல் பதனிடும் தொழிலின் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சூழல் சட்டத்தின் மைல்கல். "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதியாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு பேசிய மாவட்டங்களில் வேலூர் பகுதியோடு ஈரோடு, திண்டுக்கல், செங்கல்பட்டு, நம்ம திருச்சியும் உண்டு.

இழப்பைக் கணக்கிட தனி ஆணையம் வந்தது. இழப்பீடு கணக்கானது பெரும்பாலும் கெட்டுப்போன விவசாய நிலத்துக்கு. நிலத்துக்கு சர்வே எண் இருக்கு, பட்டா இருக்கு, பழைய விளைச்சல் என்னன்னு தெரியும். அந்தத் தண்ணியைக் குடிச்ச உடம்புக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. பதிவு இருந்ததற்குப் பணம் கிடைத்தது.

25/
கொடைக்கானல் தொழிலாளர்கள் 15 வருடம் போராடினார்கள். 2015-ல் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடல் உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் தருவதாக நிறுவனம் சொன்னது. உடல்நலக் கேட்டுக்குத் தன் ஆலை காரணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பணம் வந்தது, நல்லது. ஆனா ஒரு டாக்டரா பார்த்தா, "எங்க உடம்புக்கு என்ன ஆச்சு?"ங்கிற அவங்க கேள்விக்கு ஒரே குரலில் ஒரு பதில் இன்னும் வரலை.

26/
இப்போ முதல் கேள்விக்கு வரலாம். பழைய பட்டறை, பேட்டரிக் கடை, முலாம் பூசும் கூடம், சாயப்பட்டறை, தோல் கிடங்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கீங்க. என்ன செய்யலாம்?

முதல்ல குடும்பத்துக்கே "ஹெவி மெட்டல் பேக்கேஜ்" டெஸ்ட் எடுக்க ஓடாதீங்க. எதைத் தேடுறோம்னு தெரியாம எடுக்கிற டெஸ்ட் இயல்பா வந்தா பொய் நிம்மதி, கொஞ்சம் கூடினா வீண் பீதி. முடியை அனுப்பி எடுக்கிற பொதுப்படையான டெஸ்ட், "டீடாக்ஸ்" மருந்து, தேவையில்லாத கீலேஷன் ஊசி எதுவும் வேண்டாம். கீலேஷன் உண்மையான விஷத்துக்கு நல்ல மருந்துதான். தப்பா போட்டா சிறுநீரகத்தையும் உடம்பின் கால்சியத்தையும் பதம் பார்க்கும்.

27/
முதலில் விசாரிங்க. அங்கே என்ன தொழில்? எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை? கழிவை எங்கே கொட்டினாங்க? தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?

பிறகு பாதை. போர் தண்ணியைக் குடிக்கிறீங்களா, துணி துவைக்க மட்டுமா? குழந்தைங்க அந்த மண்ணில் விளையாடுறாங்களா? வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போய் அதே உடுப்போட திரும்பி வர்றாங்களா? பேட்டரி வேலை பார்க்கிற அப்பாவின் சட்டையிலிருந்து காரீயம் குழந்தைக்குப் போறது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். வேலை உடுப்பைத் தனியா துவைக்கிறது செலவில்லாத மருந்து.

28/
அப்புறம் தண்ணி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கும்போது வெறும் "குடிக்கலாமா" டெஸ்ட் போதாது. அதில் உப்பு, கடினத்தன்மை, கிருமி மாதிரி அடிப்படைகள்தான் பெரும்பாலும் வரும். என்ன தொழில் நடந்ததோ அதுக்கேத்த உலோகத்தைப் பெயர் சொல்லிக் கேட்கணும். பேட்டரின்னா காரீயம். முலாம் பூசுறதுன்னா குரோமியம், நிக்கல்.

முக்கியமானது: தண்ணியைக் கொதிக்க வச்சா கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

29/
இதுக்குப் பிறகுதான் உடம்பு டெஸ்ட். அதுவும் பாதிப்பு நடந்துக்கிட்டிருக்கும்போதே. காரீயம்னா ரத்தம். பாதரச ஆவின்னா சிறுநீர். மீன் வழி வர்ற மெத்தில் பாதரசம்னா ரத்தமும் முடியும். பொருளுக்குத் தக்க மாதிரி டெஸ்ட் மாறும்.

இப்படிப்பட்ட வேலையில் இருக்கீங்களா? வேலையை விட்ட பிறகு டெஸ்ட் எடுக்கலாம்னு காத்திருக்காதீங்க. வேலையில் இருக்கும்போதே எடுத்து, தேதியோட அந்தத் தாளை வீட்டில் வைங்க. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. சீட்டு, எந்தப் பிரிவில் வேலைங்கிற ஆதாரம் எல்லாம் ஒரே கோப்பில். நகைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

30/
சட்டத்திலும் இப்போ ஒரு கதவு திறந்திருக்கு. 2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களை நிர்வகிக்கத் தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் கண்டறிந்து மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கணும். பொதுமக்களும் புகார் தரலாம். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்யணும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போறப்போ "நாத்தம் அடிக்குது சார்"னு மட்டும் எழுதினா மனு கட்டோட கட்டா போயிடும். என்ன தொழில், எந்த வருடங்கள், எந்தப் பக்கம் கழிவு, எந்தெந்த வீட்டுக் கிணறு, தண்ணி ரிப்போர்ட் என்ன தேதின்னு எழுதுங்க. லோயிஸ் கிப்ஸ் செய்தது அதைத்தான்.

31/
என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1700-ல் இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். வெனிஸ் நகரில் கண்ணாடிக்குப் பின்னால் பாதரசம் பூசுகிறவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு இன்னொரு கேள்வியும் சேருங்கள் என்றார்: "என்ன வேலை பார்க்கிறீங்க?"

முந்நூறு வருடம் ஆச்சு. நம்ம ஓ.பி. சீட்டில் அந்த இடம் இன்னும் பெரும்பாலும் காலியாத்தான் இருக்கு. சர்க்கரை அளவு எழுதுற இடத்துக்குப் பக்கத்தில் தொழிலையும், எத்தனை வருஷம்ங்கிறதையும் எழுத ஒரு நிமிஷம் போதும். இருபது வருடம் கழிச்சு அந்த ஒரு வரிதான் ஒரு குடும்பத்துக்கு இருக்கிற ஒரே சாட்சியா இருக்கலாம்.

32/
உங்க தெருவில் பழைய ஆட்கள் யாராவது இருக்காங்களா? அந்தக் காலி மனையில் முன்னாடி என்ன நடந்துச்சு, கழிவுத் தண்ணி எந்த வாய்க்காலில் போச்சு, எந்தக் கிணறு முதல்ல கெட்டுச்சுன்னு இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்க. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். பேட்டரி, முலாம், சாயம், தோல் வேலை பார்க்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.